ரத்த ஓட்டம் நின்ற அந்த 25 நிமிடங்களில் மூளைக்கு என்ன நடந்தது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அப்பாவுக்குத் திடீரென்று நெஞ்சு பிளப்பது போன்ற வலி. சிடி எடுத்துப் பார்த்து, மகாதமனியின், அதாவது இதயத்திலிருந்து உடம்பு முழுதுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயின், உள்சுவர் கிழிந்திருக்கிறது, ஏ வகை என்று சொல்லி அன்றிரவே அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். உடம்பைக் குளிரவைத்து 25 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்தியதாகவும், மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் கொடுத்ததாகவும் சர்ஜன் சொன்னார். இன்று மூன்றாம் நாள். கை கால் அசைக்கிறார், கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஆனால் ராத்திரியானால் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். ரத்தத்தை ஏன் நிறுத்த வேண்டும், அதனால் மூளை கெட்டுவிட்டதா என்பது உங்கள் கேள்வி. இதய அறுவை அரங்கில் மயக்க மருத்துவராக இருப்பவன் என்பதால், உள்ளே நடப்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன். அப்பாவின் நிலையைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

மகாதமனியின் சுவருக்கு மூன்று அடுக்கு. உள் அடுக்கு கிழிந்ததும் ரத்தம் சுவருக்குள்ளேயே பாய்ந்து அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகிறது. இதயத்திலிருந்து மேலே ஏறும் பகுதி இதில் மாட்டியிருந்தால் அது ஏ வகை. வெளிச்சுவர் வெடித்து இதயத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம், இதயத்தின் சொந்த ரத்தக்குழாய் அடைபடலாம், மூளைக்குப் போகும் கிளைகள் நசுங்கலாம். அறுவை செய்யாமல் விட்டால் முதல் இரண்டு நாட்களில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் இறக்கிறார்கள் என்பது மருத்துவ மாணவர்களுக்குப் பல தலைமுறையாகச் சொல்லித்தரும் கணக்கு. அன்றிரவே மேசைக்குக் கொண்டுபோனது இதனால்தான்.

சாதாரண இதய அறுவையில் மகாதமனியை ஒரு கிளாம்ப் (இடுக்கி) போட்டுப் பிடித்துக்கொண்டு, இதய-நுரையீரல் இயந்திரத்தால் மற்ற உடம்புக்கு ரத்தம் அனுப்பிக்கொண்டே வேலை செய்யலாம். கிழிந்த மகாதமனி ஈரக் காகிதம் மாதிரி. அதைக் கிளாம்பால் இறுக்கினால் இன்னொரு கிழிசல் விழலாம். அதோடு, மகாதமனி வளைந்து தலைக்கும் கைகளுக்கும் கிளை விடும் வளைவுப் பகுதிக்குள் கிழிசல் எதுவரை போயிருக்கிறது என்று சர்ஜன் கண்ணால் பார்த்தாக வேண்டும். கிழிந்த பகுதிக்குப் பதிலாக வைக்கும் செயற்கைக் குழாயின் மேல்முனையைக் கிளாம்ப் இல்லாத திறந்த விளிம்பில்தான் தைக்க வேண்டும். அந்தத் தையல் முடியும்வரை மகாதமனிக்குள் ரத்தம் ஓட முடியாது. 'பம்ப் ஆஃப்' என்று சர்ஜன் சொல்வார். அந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் நிறுத்திவிட்டு நிமிடம் எண்ணத் தொடங்குவார். ஐந்து, பத்து, பதினைந்து என்று அவர் குரல் மட்டும்தான் அப்போது கேட்கும். எத்தனை வருடம் ஆனாலும் அந்த எண்ணிக்கை எனக்குப் பழகவில்லை.

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் கிட்டத்தட்ட 20 சதவீதத்தை அதுதான் எடுத்துக்கொள்கிறது. சேமிப்பென்று அதனிடம் எதுவும் கிடையாது. வழக்கமான உடல் வெப்பத்தில் ரத்தம் நின்றால் 5 நிமிடம் போல்தான் தாங்கும். அதற்குள் எந்த சர்ஜனாலும் அந்தத் தையலை முடிக்க முடியாது. ஆகவே மூளையின் தேவையைக் குறைக்க வேண்டும், அல்லது மூளைக்கு வேறு வழியில் ரத்தம் கொடுக்க வேண்டும். கடந்த ஐம்பது வருட முயற்சி எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும். உங்கள் அப்பாவுக்கு இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள்.

குளிர்விக்கும் யோசனை 1950இல் டொரன்டோவில் வில்ஃப்ரெட் பிகலோ நாய்களைக் குளிரவைத்துச் செய்த சோதனைகளிலிருந்து வளர்ந்தது. 1952இல் மின்னசோட்டாவில் ஜான் லூயிஸ், உடம்பைக் குளிரவைத்து ஒரு சிறுமியின் இதய ஓட்டையை மூடினார். மகாதமனி வளைவு அறுவைக்கு இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் ராண்டல் கிரீப். 1975இல் 4 நோயாளிகளுக்குச் செய்ததை அவர் வெளியிட்ட பிறகுதான், அதுவரை பலரும் தொடப் பயந்த அந்த வளைவு அறுவைக்கு வசப்பட்டது.

குளிர் எவ்வளவு அவகாசம் வாங்கித் தரும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. கிரீப்பின் குழுவே 1999இல் அளந்தது. வெப்பநிலை 30 டிகிரிக்கு வந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை பாதியைவிடச் சற்று அதிகம் இருக்கும், பாதுகாப்பான நேரம் 9 நிமிடம். 25 டிகிரியில் 14 நிமிடம். 20 டிகிரியில் தேவை கால் பங்குக்கு இறங்கும், 21 நிமிடம் கிடைக்கும். 15 டிகிரியில் 31 நிமிடம். இந்தக் கணக்கில் என் கண்ணில் எப்போதும் படுவது ஒன்று: 15 டிகிரியிலும் மூளை முழுதாக ஓய்ந்துவிடுவதில்லை, ஆறில் ஒரு பங்கு வேலை நடந்துகொண்டே இருக்கிறது. குளிர் கடிகாரத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. லார்ஸ் ஸ்வென்சன் 1993இல் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஆராய்ந்து எழுதியதும் இதையே காட்டியது. ரத்த நிறுத்தம் 40 நிமிடத்தைத் தாண்டினால் பக்கவாதம் கூடியது, 65 நிமிடத்தைத் தாண்டினால் இறப்பு கூடியது.

அப்படியானால் இன்னும் குளிரவைத்தால் என்ன என்று கேட்கலாம். ரத்தம் உறையும் தன்மை கெடுகிறது. கிழிந்த மகாதமனி அறுவையில் ஊசி போட்ட துளையெல்லாம் கசியும். குளிரவைக்கவும் திரும்பச் சூடாக்கவும் இயந்திரத்தில் அதிக நேரம் இருக்க வேண்டும். அந்த நேரமே சிறுநீரகத்தையும் நுரையீரலையும் வாட்டும். அதனால்தான் இரண்டாவது வழியான ரத்தம் கொடுக்கும் வழியைப் பலரும் தேடினார்கள்.

முதலில் சற்று வினோதமாகத் தோன்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தலையிலிருந்து ரத்தம் திரும்பி வரும் பெரிய சிரை வழியாக, எதிர்த்திசையில் குளிர்ந்த ரத்தத்தை மெதுவாகச் செலுத்துவது. 1990இல் ஜப்பானில் யுயிச்சி உயேடா இதைப் பரவலாக அறியச் செய்தார். அழுத்தம் 25 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் மூளை வீங்கும். மூளைத் திசுவுக்கு உண்மையில் போய்ச் சேரும் ரத்தம் குறைவு. ஆனாலும் தலையைக் குளிராக வைத்திருக்கவும், தமனிக்குள் புகுந்த காற்றையும் துகளையும் வெளியே தள்ளவும் இது உதவும். இன்றும் சிலர் செய்கிறார்கள். குறுகிய நேரத்துக்கு அது நல்ல துணை. நீண்ட நேரத்துக்கு அதை மட்டும் நம்ப என் மனம் ஒப்பாது.

இயல்பான திசையிலேயே, மூளைக்குப் போகும் தமனிகளுக்குள் ரத்தம் கொடுப்பதுதான் இன்று பெரும்பாலான இடங்களில் வழக்கம். உங்கள் சர்ஜன் 'மூளைக்கு மட்டும் தனியாக' என்றது இதைத்தான். ஜப்பானின் தெருஹிசா கசுயி இதைப் பொறுமையாகச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். அவர் வைத்த அளவு, ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 10 மி.லி. இன்றும் பலரும் அதை ஒட்டியே போகிறார்கள். அழுத்தம் பொதுவாக 40 முதல் 70 மி.மீ. பாதரசத்துக்குள். குறைந்தால் மூளை பட்டினி, கூடினால் வீக்கம். உடம்பெல்லாம் நின்றிருக்கும்போது தலைக்கு மட்டும் சிறு ஓடை மாதிரி ரத்தம் போய்க்கொண்டிருக்கும். இந்த முறை வந்த பிறகு அவ்வளவு ஆழமாகக் குளிரவைக்கத் தேவையில்லாமல் போயிற்று. 2013இல் வல்லுநர்கள் கூடி வகுத்த வரையறைப்படி 14 முதல் 20 டிகிரி வரை ஆழ்ந்த குளிர், 20 முதல் 28 வரை மிதமான குளிர். இப்போது பலரும் மிதமான குளிரில், குறிப்பாக 24 முதல் 28 டிகிரிக்குள், வேலை செய்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. மூளைக்கு ரத்தம் போனாலும் தண்டுவடம், குடல், சிறுநீரகம் எல்லாம் ரத்தமில்லாமல்தான் கிடக்கின்றன. 28 டிகிரியில் அவற்றின் பொறுமை குறைவு. தையல் நீளும் என்று தெரிந்தால் இன்னும் சில டிகிரி கீழே போவதுதான் நல்லது.

ரத்தத்தை எந்த வழியாகக் கொடுப்பது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. முன்பெல்லாம் தொடைத் தமனியில் குழாய் போட்டு ரத்தத்தைக் கீழிருந்து மேலே அனுப்புவார்கள். கிழிந்த மகாதமனியில் அந்த எதிர்த்திசை ஓட்டம் சில சமயம் சுவருக்குள் உருவான பொய்க்குழாயில் புகுந்து உண்மையான வழியை நசுக்கிவிடும், படிந்த துகள்களைத் தலைக்குத் தள்ளிவிடும். உயிர் போகும் அவசரத்தில் இன்றும் அந்த வழி கைகொடுப்பதுண்டு. நேரம் இருந்தால் வலது தோளுக்குக் கீழே ஓடும் அக்குள் தமனிதான் என் விருப்பம். 1995இல் ஜோசப் சாபிக்கும் அவருடன் இருந்தவர்களும் இந்த வழியை எழுதிய பிறகு இது பரவியது. பெரும்பாலும் 8 மி.மீ. செயற்கைக் குழாயை அந்தத் தமனியின் பக்கத்தில் தைத்து, அதன் வழியே ரத்தம் தருவார்கள். இதன் அழகு என்னவென்றால், குளிரவைக்கும்போது முழு உடம்புக்கும் அதே குழாய். மகாதமனியைத் திறக்கும் நேரம் வந்ததும், வளைவிலிருந்து கிளம்பும் முதல் கிளையின் அடியில் ஒரு கிளாம்ப். அவ்வளவுதான், அதே ரத்தம் வலது கழுத்துத் தமனி வழியாக மூளைக்குத் திரும்பிவிடும். மூளை ரத்தமில்லாமல் இருப்பது சில விநாடிகள் மட்டுமே.

வலது பக்கம் கொடுத்தால் இடது மூளைக்கு யார் கொடுப்பார்கள்? இங்கேதான் வில்லிஸ் வளையம் வருகிறது. மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று கைகோத்து ஒரு வட்டமாக நிற்கின்றன. தாமஸ் வில்லிஸ் 1664இல் விவரித்தது. ஒரு பக்கம் அடைத்தாலும் மறுபக்கத்திலிருந்து ரத்தம் சுற்றி வர இயற்கை வைத்த ஏற்பாடு. ஆனால் படத்தில் இருப்பது மாதிரி முழு வட்டம் எல்லோருக்கும் இருப்பதில்லை. பலருக்கு ஒரு கண்ணி மெலிந்திருக்கும், சிலருக்கு இருக்கவே இருக்காது. நள்ளிரவில் அவசரமாக வந்தவருக்கு அதையெல்லாம் முன்கூட்டிப் படமெடுத்துப் பார்க்க நேரமும் இருக்காது.

அதனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நெற்றியின் இரு பக்கமும் ஒட்டிய இரண்டு பட்டைகளை நீங்கள் கவனித்திருக்கலாம். அவை அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியை மண்டை ஓட்டுக்குள் அனுப்பி, அடியிலுள்ள மூளையின் ஆக்சிஜன் அளவை விநாடிக்கு விநாடி காட்டும். வலது எண் நிலையாக நிற்க, இடது எண் தொடக்க அளவிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் சரிந்தால், வட்டம் முழுமையாக இல்லை என்று அந்தப் பட்டை சொல்கிறது. நான் சத்தமாகச் சொல்வேன், சர்ஜன் இடது கழுத்துத் தமனிக்குள் இன்னொரு சிறு குழாயைச் செருகுவார், எண் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தைப் பார்க்கும் நிம்மதிக்கு ஈடு எனக்கு வேறு இல்லை. இந்தக் கருவிக்கும் எல்லை உண்டு: நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதியை மட்டுமே பார்க்கும், மூளையின் பின்புறத்தில் நடப்பது அதற்குத் தெரியாது. எண் நன்றாக இருந்தது என்பதை வைத்து மூளை முழுதும் நன்றாக இருந்தது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஒரு பக்கம் போதுமா, இரு பக்கமும் வேண்டுமா என்பது இன்றும் சர்ஜன்கள் விவாதிக்கும் விஷயம். ஜெர்மனியில் இந்த நோய்க்கென்றே நடத்தும் பதிவேட்டிலிருந்து 1558 பேரின் விவரத்தை வைத்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. 30 நிமிடத்துக்குள் முடிந்தவர்களில் வெறும் குளிரும் குளிரோடு ரத்தம் தருவதும் ஏறக்குறைய ஒரே பலன். அதைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் தருவது நல்லது. ஒரு பக்கம், இரு பக்கம் என்பதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் இதைப் புரிந்துகொள்ளும் விதம்: 25 நிமிடத்துக்கு ஒரு பக்கம் போதும், 40, 50 நிமிடம் நீளும் என்றால் இரண்டு பக்கமும் கொடுத்துவிடுவோம், நெற்றிப் பட்டையின் எண் சரிந்தால் எந்த நிமிடமானாலும் கொடுப்போம்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஏ வகைக் கிழிசலில் நல்ல சர்ஜன் சில சமயம் குறைவாகச் செய்வதும் மூளைக்குச் செய்யும் உபகாரம். கிழிசலின் வாய் ஏறுபகுதியில் இருந்தால் அதையும் வளைவின் அடிப்பகுதியையும் மட்டும் மாற்றிவிட்டு வெளியே வரலாம். முழு வளைவையும் மாற்றினால் நேரம் பெருகும். வளைவிலேயே கிழிசல் இருந்தால் வேறு வழியில்லை. இல்லாதபோது, உயிரோடும் நினைவோடும் வெளியே கொண்டுவருவதுதான் அந்த இரவின் வேலை. உங்கள் அப்பாவுக்கு 25 நிமிடத்தில் முடித்திருப்பதைப் பார்த்தால் அந்தக் குழு அப்படித்தான் யோசித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மருந்துகளைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். தயோபென்டால், ஸ்டீராய்டு, மேனிட்டால் எல்லாம் பல இடங்களில் கொடுப்பதுண்டு. குளிரும் ரத்த ஓட்டமும் தரும் பாதுகாப்புக்குப் பக்கத்தில் நிற்கும் ஆதாரம் அவற்றில் எதற்கும் இல்லை. தலையைச் சுற்றி ஐஸ் கட்டி வைப்பதும் அப்படித்தான் ஒரு துணை வேலை. காற்று வேறு விஷயம். திறந்த தமனியில் காற்று புகுந்து தலைக்குப் போனால் அதுவே பக்கவாதம். அதனால் தலையைத் தாழ்த்தி வைப்போம், அறுவை செய்யும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடை நிரப்புவோம். அது ரத்தத்தில் சீக்கிரம் கரைந்துவிடும். ஓட்டத்தைத் திரும்பத் தொடங்கும்முன் குழாய்க்குள் உள்ளதை நன்றாக வெளியேற்றுவோம்.

எல்லோரும் குளிரைப் பற்றியே பேசுகிறார்கள். திரும்பச் சூடாக்கும் நேரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என் கவலை அங்கேதான் அதிகம். தையல் முடிந்துவிட்டது, மணி மூன்று, எல்லோருக்கும் களைப்பு, சீக்கிரம் சூடாக்கி வெளியே வந்துவிடலாம் என்று கை பரபரக்கும். ரத்தமில்லாமல் இருந்து மீண்ட மூளைக்கு அந்த நேரத்துச் சூடு விஷம். தேவை சட்டென்று ஏறும், கொடுக்கும் ரத்தம் அதற்கு ஈடாகாது. அடிபட்ட செல்கள் அப்போதுதான் அதிகம் சாகும். வேகமாகச் சூடாக்கினால் ரத்தத்தில் கரைந்த வாயு குமிழாகவும் பிரியலாம். அதனால் முதலில் சில நிமிடம் குளிர்ந்த ரத்தத்தையே ஓடவிடுவது நல்லது. அப்புறம் இயந்திரத்திலிருந்து போகும் ரத்தத்துக்கும் திரும்பி வரும் ரத்தத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வராமல், பிற்பகுதியில் நிமிடத்துக்கு அரை டிகிரிக்கு மேல் போகாமல் ஏற்ற வேண்டும். உள்ளே போகும் ரத்தம் 37 டிகிரியை ஒருபோதும் தாண்டக் கூடாது. மூக்கின் பின்புறம் வைத்த வெப்பமானி காட்டுவதைவிட மூளை அந்த நேரத்தில் சற்று அதிகச் சூடாகவே இருக்கும். இதனால் அரை மணி, முக்கால் மணி கூடுதலாக ஆகும். வெளியே காத்திருந்தவர்களுக்கு அது யுகமாகத் தெரிந்திருக்கும். ஐசியுவுக்கு வந்த பிறகும் காய்ச்சலை விடாமல் அடக்குவது இதே காரணத்துக்குத்தான்.

அறுவை அரங்கில் எல்லாம் சரியாக நடந்தாலும் சிலருக்குப் பக்கவாதம் வருவது ஏன் என்றால், சிலருக்கு மூளை மேசைக்கு வரும்முன்பே அடிபட்டிருக்கும். கிழிசல் கழுத்துத் தமனிக்குள் நீண்டு அதை நசுக்கினால் வீட்டிலேயே கை விழுந்திருக்கும், பேச்சுக் குழறியிருக்கும், நினைவு தப்பியிருக்கும். முன்பு இப்படி வந்தவர்களுக்கு அறுவை செய்யத் தயங்குவார்கள். இப்போது கோமாவில் வந்தாலும் அதை மட்டும் காரணமாக்கிக் கைவிடுவதில்லை. கோமா தொடங்கிய சுமார் 5 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சரிசெய்தவர்களில் பலர் நினைவு திரும்பியதை ஜப்பானிய மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். வலி வந்தபோது அப்பா தெளிவாகப் பேசினாரா, இரண்டு கையும் சமமாக வேலை செய்ததா என்று நினைவுபடுத்தி ஐசியு டாக்டரிடம் சொல்லுங்கள். அந்தத் தகவல் உங்களிடம் மட்டுமே இருக்கும்.

சரி, ராத்திரிக் குழப்பத்துக்கு வருவோம். இந்த அறுவைக்குப் பின் மூளைக்கு வரும் கோளாறை இரண்டாகப் பிரிப்போம். ஒன்று நிலையான சேதம், அதாவது பக்கவாதம்: ஒரு பக்கம் அசையாது, வாய் கோணும், பேச்சு வராது, சிடியில் பெரும்பாலும் தெரியும். மற்றது தற்காலிகக் கோளாறு: தாமதமாக விழிப்பது, இடம் காலம் தெரியாமல் பேசுவது, குழாய்களைப் பிடுங்குவது, பகலில் தூங்கி இரவில் விழிப்பது. சிடி சுத்தமாக இருக்கும், பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். அப்பா நான்கு கை கால்களையும் அசைக்கிறார், சொன்னால் கேட்கிறார் என்றால் இரண்டாவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அவரைப் பார்க்காமல் நான் முடிவாகச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. சிடி எடுத்தார்களா, இரண்டு பக்கமும் பலம் சமமா என்று நேராகக் கேளுங்கள். தற்காலிகக் கோளாறும் பொருட்படுத்த வேண்டியதே. ரத்த நிறுத்தம் நீளும்போது இதுவும் கூடுகிறது என்று தெரியும். வீட்டுக்குப் போன பிறகும் சில வாரம் மறதியோ நிதானமின்மையோ தெரிந்தால் அடுத்த முறை காட்டும்போது மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்போது உங்களால் செய்ய முடிந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். அவர் கண்ணாடி போடுபவர் என்றால் கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள், காதுக் கருவி இருந்தால் அதையும். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிடச் சொல்லுங்கள், இரவில் விளக்கைக் குறைக்கச் சொல்லுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறார், என்ன நடந்தது என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். தவறாகப் பேசினால் வாதாட வேண்டாம். நர்ஸ் நூறு முறை சொல்வதைவிடப் பழகிய குரல் ஒரு முறை சொல்வது அவருக்குள் சீக்கிரம் போய்ச் சேரும். புதிதாக ஒரு பக்கம் தளர்ந்தாலோ, விழித்திருந்தவர் எழுப்பினாலும் எழாமல் போனாலோ, வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.